சக்கர் விட்ட தொட்டியில் பிஎச் ஏன் இறங்குகிறது?

மீன் தொட்டி: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கெளுத்தி இன மீன்களைப் பற்றியவை. சக்கர், கோரி, ராயல் பிளெக்கோ என்று பெயர் மாறினாலும், இவை தண்ணீரை என்ன செய்கின்றன என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். பிஎச் என்பது தண்ணீரின் புளிப்பைக் காட்டும் எண்: 7 நடுநிலை, அதற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு கூடும்.

கேள்வி: என் தொட்டி 200 லிட்டர். சக்கர் மீன் இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். கூடவே எட்டு டெட்ரா. ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறேன். தண்ணீர் மாற்றிய அன்று பிஎச் 7 காட்டுகிறது, பத்து நாளில் 6-க்குக் கீழே போய்விடுகிறது. சக்கர் மீனின் தோலிலிருந்து அமிலம் கசியுமா? கடைக்காரரோ, ‘அது டேங்க் கிளீனர், தண்ணீரைச் சுத்தம்தான் செய்யும்’ என்கிறார்.
– வாசகர், சேலம்

பதில்: தோலிலிருந்து அமிலம் எதுவும் கசிவதில்லை. ஆனால் பிஎச் இறங்குவதற்குக் காரணம் அந்த இரண்டு மீன்கள்தான். கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பதால் அதற்குக் கிளீனர் என்று பெயர் வந்துவிட்டது. தின்றது எங்கே போகும்? நூல் நூலாகக் கழிவாக அடியில் விழும். அதைவிடப் பெரிய பங்கு கண்ணுக்கே தெரியாமல், செவுள் வழியாக அம்மோனியாவாகத் தண்ணீரில் கலக்கும். ஃபில்டரில் வாழும் பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அந்த மாற்றத்தில்தான் அமிலம் உண்டாகிறது. அதை விழுங்கிச் சமன் செய்வது தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட். கடைகளில் கேஎச் என்று சொல்லும் கார்பனேட் கடினத்தன்மை இதுதான். கேஎச் இருக்கும்வரை பிஎச் அசையாது. அது தீர்ந்த மறுநாளே பிஎச் சரியத் தொடங்கும்.

உங்கள் தொட்டிக்கே கணக்குப் போடலாம். எல்லா மீனுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 கிராம் தீவனம், அதில் புரதம் 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மீன்பண்ணைகளில் பயன்படுத்தும் கணக்குப்படி, தீவனப் புரதத்தின் எடையில் சுமார் 9.2 சதவீதம் அம்மோனியா நைட்ரஜனாக வெளியே வரும். 6 கிராம் தீவனத்துக்கு அது 0.19 கிராம். 200 லிட்டரில் பரவினால் லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.14 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். கேஎச் ஒரு டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட். அதாவது நாளொன்றுக்குக் கேஎச் 0.4 டிகிரி குறையும், நைட்ரேட் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கூடும். ஆர்.ஓ. தண்ணீரில் கேஎச் 1 அல்லது 2 இருந்தாலே அதிகம். ஐந்தாம் நாள் கையிருப்பு காலி. உங்கள் பத்து நாள் கணக்கு இதோடு அப்படியே பொருந்துகிறது. இதே மீன்களைக் கேஎச் 12 உள்ள போர் தண்ணீரில் விட்டிருந்தால் ஒரு மாதம் வரை எதுவுமே தெரிந்திருக்காது.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு சுருக்கம்: நைட்ரேட் 10 மில்லிகிராம் ஏறினால் கேஎச் சுமார் 0.9 இறங்கியிருக்கும். பிஎச் மட்டும் அளந்துகொண்டிருந்தால் விஷயம் கைமீறிய பிறகுதான் தெரியும். கேஎச் கிட் வாங்குங்கள். 5 மில்லி தண்ணீரில் நிறம் மாறும்வரை சொட்டு விடுவது. பெரும்பாலான கிட்களில் ஒரு சொட்டு ஒரு டிகிரி.

இனி செய்ய வேண்டியது. கேஎச்சை 4-5 அளவில் வைத்திருந்தால் உங்கள் மீன்களுக்குப் போதும். எளிய வழி, ஆர்.ஓ. தண்ணீரில் போர் தண்ணீரைக் கலப்பது. போர் தண்ணீரின் கேஎச் 14, ஆர்.ஓ.வுடையது 1 என்றால், ஒரு பங்கு போர் தண்ணீருக்கு இரண்டு பங்கு ஆர்.ஓ. சேர்த்தால் 5.3 வரும். போர் தண்ணீர் கிடைக்காதவர்கள் ஆப்ப சோடாவைப் பயன்படுத்தலாம். 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் கேஎச் 1 டிகிரி கூடும். உங்கள் தொட்டிக்கு 6 கிராம், அதாவது தேக்கரண்டிக்குக் கொஞ்சம் மேலே. ஒரு மக் தண்ணீரில் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். பேக்கிங் பவுடர் வேறு, அதை எடுத்துவிடாதீர்கள். துணி துவைக்கும் வாஷிங் சோடாவும் கூடாது, பிஎச்சைத் தூக்கி அடித்துவிடும். பிஎச் ஏற்கெனவே 6.5-க்குக் கீழே இருந்தால், சோடாவைத் தொடும் முன் அம்மோனியாவை அளந்தே ஆக வேண்டும். ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

நிதானமாக வேலை செய்யும் வழியும் உண்டு. கழுவிக் கொதிக்க வைத்த கிளிஞ்சல் ஓடு 200 கிராமை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வையுங்கள். தண்ணீர் புளிக்கப் புளிக்க அது கரைந்து ஈடுகொடுக்கும். ஒரு வாரம் கழித்து அளந்து பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். வெளிநாட்டுக் குறிப்புகளில் இதற்குப் பவளத்துண்டு போடச் சொல்வார்கள். இந்தியாவில் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது, அதை எடுக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. கிளிஞ்சலும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் தற்காலிகம். சாதாரண சக்கர் ஓர் அடியைத் தாண்டி வளரும். இரண்டு மீன் அந்த அளவுக்கு வந்தால் 200 லிட்டர் தாங்காது. பாசிக்காகத்தான் வேண்டுமென்றால், ஐந்து அங்குலத்தோடு நின்றுவிடும் பிரிசில்நோஸ் என்ற சிறிய பிளெக்கோ ஒன்று போதும்.

கேள்வி: நான்கு மாதம் தண்ணீர் மாற்றாமல் மேலே மட்டும் நிரப்பிக்கொண்டிருந்தேன். பிஎச் 5.8, அம்மோனியா 8 காட்டியது, ஆனாலும் சக்கர் உட்பட எல்லா மீனும் நன்றாக இருந்தன. கிட் கெட்டுவிட்டது என்று நினைத்து, பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் போர் தண்ணீர் ஊற்றினேன். பிஎச் 7.8 ஆனது. இரவுக்குள் ஆறு மீன் போய்விட்டது. நல்ல தண்ணீர் ஊற்றியதற்கா இந்தத் தண்டனை?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் கிட் கெடவில்லை. அது காட்டிய 8 உண்மைதான்.

அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அம்மோனியம் அயனி. அதனால் மீனுக்குப் பெரிய கேடில்லை. மற்றது அயனியாகாத அம்மோனியா. செவுளுக்குள் நேரே புகும் நஞ்சு. கிட் இரண்டையும் சேர்த்தே காட்டும். எது எவ்வளவு என்று தீர்மானிப்பது பிஎச்சும் வெப்பமும். 28 டிகிரி வெப்பத்தில், பிஎச் 5.8-ல் நஞ்சு வடிவம் மொத்தத்தில் 0.05 சதவீதம்கூட இல்லை. பிஎச் 7.8-ல் அது 4 சதவீதத்துக்கு மேல். பாதித் தண்ணீர் மாற்றியதால் மொத்த அம்மோனியா 8-லிருந்து 4 ஆகப் பாதியானது. நஞ்சு மட்டும் லிட்டருக்கு 0.0035 மில்லிகிராமிலிருந்து 0.17-க்கு, ஏறத்தாழ ஐம்பது மடங்கு ஏறிவிட்டது. மீன்களைக் கொன்றது இந்த ஏற்றம்.

அம்மோனியா அவ்வளவு சேர்ந்தது எப்படி? கேஎச் தீர்ந்து பிஎச் 6-ஐ நெருங்கியதும் ஃபில்டர் பாக்டீரியா வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். மீன் கழிவு மட்டும் நிற்கவில்லை. சக்கர் போல நிறையக் கழிக்கும் மீன் இருந்த தொட்டியில் அது மளமளவென்று ஏறியிருக்கும்.

இதே நிலையில் தொட்டி வைத்திருப்பவர்கள் இன்றிலிருந்து செய்ய வேண்டியது: முதலில் தீவனத்தை நிறுத்துங்கள். சக்கர் பாசியிலேயே சில நாள் தாக்குப்பிடிக்கும். தினமும் 10 சதவீதம் மட்டும் மாற்றுங்கள், அதுவும் ஆர்.ஓ. அல்லது மழைத்தண்ணீர் அதிகம் கலந்த, கேஎச் குறைந்த தண்ணீரால். அம்மோனியா 1-க்குக் கீழே வரும்வரை பிஎச் 7-ஐத் தாண்டக் கூடாது. இறால் பண்ணைக்கு விற்கும் ஜியோலைட்டைக் கழுவிப் பையில் கட்டி ஃபில்டரில் வைத்தால் அம்மோனியத்தைப் பிடித்துவைக்கும். அது இருக்கும்போது கல்லுப்பு சேர்க்காதீர்கள், பிடித்ததையெல்லாம் திரும்ப விட்டுவிடும். அம்மோனியா இறங்கிய பிறகு கேஎச்சை நாளுக்கு அரை டிகிரி வீதம் ஏற்றுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் மிச்சமிருக்கும் பாக்டீரியாவையும் குளோரின் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

கேள்வி: சென்னை கொளத்தூரில் ஸ்டெர்பை கோரி ஆறு வாங்கினேன். ஆறையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வர இரண்டு மணி நேரம். வரும்போதே பைத் தண்ணீர் நுரைத்து வழவழப்பாக இருந்தது, நான்கு செத்திருந்தன. ஆக்சிஜன் குறைவா?
– வாசகர், திருவள்ளூர்

பதில்: இரண்டு மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்திருக்க வாய்ப்பு குறைவு. நுரையும் வழவழப்பும் சொல்வது வேறு. கோரிக்களின் பக்கத் துடுப்பில் கெட்டியான முள் இருக்கிறது. அதன் அடியில் தோலுக்குள் ஒரு சுரப்பி உண்டு. மிரண்டால் அந்தச் சுரப்பு வெளியே வரும். ஆற்றில் அது அடித்துக்கொண்டு போய்விடும், எதிரி மீனுக்கு மட்டும்தான் கசப்பு. அரை லிட்டர் பைத் தண்ணீரில் ஆறு மீன் சேர்ந்து அதை விட்டால், விட்ட மீனுக்கே நஞ்சு. கெளுத்தி ஒன்று தண்ணீரின் தன்மையை நிமிடக்கணக்கில் மாற்றிவிடும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் இல்லை. ஸ்டெர்பை, அடால்ஃபோய், பாண்டா ஆகியவற்றில் இது அதிகம் நடப்பதாகக் கோரி வளர்ப்பவர்கள் அறிவார்கள். (2024-ல் கோரிடோரஸ் பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்தபோது இந்த மூன்றும் வேறு பெயருக்குள் போய்விட்டன. கடைகளில் பழைய பெயர்தான் செல்லுபடி.)

அடுத்த முறை வாங்கும்போது கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள். முந்தின நாள் தீவனம் போடாத மீனாக இருக்கட்டும். பிடித்ததும் பையில் போடாமல், காற்றுக்குமிழி விடும் ஏர் கல் ஓடும் வாளியில் அரை மணி நேரம் விடட்டும். மிரட்சியில் விட வேண்டியதை அங்கேயே விட்டுவிடும். பிறகு புதுத் தண்ணீரில் பைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பையில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர். முள் குத்திக் கிழிக்கும் என்பதால் இரட்டைப் பை. வலையில் அள்ளினால் முள் சிக்கி, விடுவிக்கும் போராட்டத்திலேயே மீன் இன்னும் மிரளும். கப்பில் மொண்டு எடுப்பது நல்லது.

வழியில் நுரை கண்டால் பையை மிதக்கவிட்டுச் சொட்டுச் சொட்டாகப் பழக்கும் முறையெல்லாம் வேண்டாம். அதே வெப்பமுள்ள சுத்தமான தண்ணீருக்கு உடனே மாற்றுங்கள். பைத் தண்ணீரில் ஒரு துளிகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது. தொட்டி ஃபில்டரில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள்.

கேள்வி: பிரிசில்நோஸ் பிளெக்கோவுக்குப் புளிப்புத் தண்ணீர் வேண்டும் என்று வாசித்து, பெரிய மரக்கட்டை இரண்டு போட்டேன். தண்ணீர் தேநீர் நிறமாகிவிட்டது. பிஎச் மட்டும் 7.9-இலேயே நிற்கிறது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் பாவிக்கிறேன்.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் கிணறு சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிறது. அந்தத் தண்ணீரின் கேஎச்சுக்கு முன்னால் மரக்கட்டையிலிருந்து வரும் டானினும் ஹ்யூமிக் அமிலமும் நிற்காது. நிறம் ஏறும், பிஎச் இறங்காது. நாட்டு வாதுமை இலை போட்டாலும் இதே கதைதான். இறக்கவேண்டிய தேவையும் இல்லை. கடையில் கிடைக்கும் பிரிசில்நோஸ் பல தலைமுறையாகத் தொட்டியில் பிறந்தவை, 7.9-ல் நன்றாக வாழும், குஞ்சும் பொரிக்கும். பிஎச் குறைக்கும் திரவங்களை ஊற்றாதீர்கள். அன்று இறங்கும், மறுநாள் ஏறும், அந்த ஊசலாட்டம்தான் மீனைக் கெடுக்கும். அவசியம் குறைக்க வேண்டுமானால் மழைத்தண்ணீரைச் சரிபாதி கலவுங்கள். கேஎச் 16 இருந்தால் 8 ஆகும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு அடுத்த மழையில் பிடியுங்கள்.

உங்களுக்குப் பிஎச்சைவிட முக்கியமாக ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் தோட்ட உரத்தாலும் மலக்குழிகளாலும் நைட்ரேட் கூடுதலாக இருக்கிறது. குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். கிணற்றுத் தண்ணீரே அந்த அளவில் இருந்தால், எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் தொட்டி அதற்குக் கீழே வராது. கிணற்றைத்தான் முதலில் அளந்து பாருங்கள்.

கேள்வி: ராயல் பிளெக்கோ மரத்தைத் தின்று மலை மலையாகத் தூள் போடுகிறது. இது தண்ணீரைப் புளிக்கச் செய்யுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பெரிதாக இல்லை. இந்த இனம் மரத்தைச் செரிப்பதில்லை என்று 2009-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. சுரண்டிய மரம் நான்கு மணி நேரத்துக்குள் குடலைக் கடந்து வெளியே வந்துவிடுகிறது. மரத்தோடு ஒட்டியிருக்கும் நுண்ணுயிரும் மட்கும்தான் அதற்கு உணவு. தூளில் நைட்ரஜன் சொற்பம், அதனால் அம்மோனியா அதிகம் வராது. தொல்லை வேறு இடத்தில்: தூள் ஸ்பாஞ்சை அடைத்து ஓட்டத்தைக் குறைக்கும், குறைந்தால் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. உறிஞ்சு குழாயின் வாயில் தனி ஸ்பாஞ்ச் மாட்டி மூன்று நாளுக்கு ஒருமுறை பிழியுங்கள். பீர்க்கங்காய், பரங்கி, சர்க்கரைவள்ளி கொடுக்கலாம். இரவில் போட்டுக் காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். மறந்த பரங்கித்துண்டு ஒன்று, மரத்தூளைவிட அதிகமாகத் தண்ணீரைக் கெடுக்கும்.

கேள்வி: கோரிக்கள் அடிக்கடி மேலே பாய்ந்து காற்றுக் குடிக்கின்றன. தண்ணீர் கெட்டுவிட்டதன் அடையாளமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: எப்போதாவது பாய்வது இயல்பு. கோரி விழுங்கிய காற்றிலிருந்து குடல் வழியாக ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு நிமிடம் எல்லா மீனும் பாய்ந்தால் இரண்டைப் பாருங்கள். ஒன்று வெப்பம்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் தண்ணீர் 30 டிகிரியில் 7.5 தான் தாங்கும். ஏர் கல்லைக் கூட்டுங்கள். மற்றது நைட்ரைட்: அது ரத்தத்தைப் பழுப்பாக்கி ஆக்சிஜன் சுமக்கவிடாது. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் புகுவதைத் தடுக்கும். அமெரிக்கக் கெளுத்திப் பண்ணைகளில் இதற்காகவே குளத்தில் உப்பு போடுகிறார்கள். 100 லிட்டருக்கு 20 கிராம் கல்லுப்பு போதும். கெளுத்திக்கு உப்பே ஆகாது என்ற பயம் இந்த அளவுக்குப் பொருந்தாது.

மீசையை இழுத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கும் கெளுத்தியையும் அலட்சியம் செய்யாதீர்கள். ஜப்பானியக் கடல் கெளுத்தி ஒன்று, மணலுக்குள் புதைந்த புழு மூச்சுவிடுவதால் ஏற்படும் 0.1-க்கும் குறைந்த பிஎச் மாற்றத்தை மீசையால் உணர்ந்து இரை தேடுகிறது என்று 2014-ல் கண்டறிந்தார்கள். நம் தொட்டிக் கெளுத்திக்கும் அதே அளவு நுட்பம் உண்டென்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மீன் ஒடுங்கினால் அன்றே கிட்டை எடுங்கள்.

கேள்வி: சக்கர் ஓர் அடிக்கு மேல் வளர்ந்துவிட்டது. ஊர்க் குளத்தில் விட்டால் அங்கேயும் பாசியைத்தானே தின்னும், நல்லதுதானே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். தொட்டியில் அது செய்வதையே குளத்திலும் செய்யும், ஆயிரக்கணக்கில் பெருகிக்கொண்டு. மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் சகாமாக்ஸ் ஆற்றில் இதே சக்கர் இனம் பரவியதை ஆராய்ந்து 2013-ல் எழுதினார்கள். கூட்டம் கூட்டமாக அது ஒதுங்கும் இடங்களில் நைட்ரஜன் குவிகிறது. ஏற்கெனவே ஆற்றில் அரிதாக இருந்த பாஸ்பரஸை அதன் எலும்புக் கவசம் இழுத்து வைத்துக்கொள்கிறது. அதாவது ஆற்றின் உரக்கணக்கையே மாற்றிவிட்டது. கரையில் வளை தோண்டி முட்டையிடும், கவசத்துக்குப் பயந்து வேறு மீன் அதைத் தின்னாது, மீனவர் வலையைக் கிழிக்கும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நீர்நிலைகளில் இது ஏற்கெனவே பிடிபடுகிறது. பெரும்பாலும் யாரோ தொட்டியிலிருந்து விட்டதன் வழிவந்தவை.

வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவர்களுக்காகப் பல கடைகள் வாங்கிக்கொள்கின்றன. கொண்டுபோக பாலிதீன் பை வேண்டாம், முள் கிழித்துவிடும். மூடியில் துளையிட்ட 20 லிட்டர் வாளி, பாதித் தண்ணீர். வலைக்குப் பதில் நனைத்த துண்டால் சுற்றித் தூக்குங்கள். முந்தின நாள் தீவனம் போடாதீர்கள், வாளித் தண்ணீர் கடை போய்ச் சேரும்வரை சுத்தமாக இருக்கும்.